துருவேறிய நட்டு

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் செங்கமலத்தம்மா. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பிச்சாண்டிக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூடுதல் இருக்கும். ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அம்மா அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார்.

ஆசிரமத்தில் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. பக்கத்துக் குப்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பிச்சாண்டிதான் அதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அவசரத்துக்கு வேறு வண்டி அந்தப் பக்கம் வராது.

ஒருநாள் அஞ்சலை என்ற நிறைமாதக் கர்ப்பிணியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, அவள் பின் இருக்கையில் மயங்கிச் சரிந்தாள். வண்டியை நிறுத்தி, கீழே இறக்கிக் கிடத்தி, கடல்காற்று பட்ட பிறகுதான் கண் திறந்தாள். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி, புகை காருக்குள் ஏறியிருந்தது.

அதோடு வண்டி நின்றுவிட்டது. புது சைலன்சரை நாகப்பட்டினத்துக் கடையிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார்கள். மாட்டத்தான் ஆள் இல்லை. வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், தன் தங்கையின் கல்யாணத்துக்காக நாகூர் போயிருந்தார். பிச்சாண்டி போனில் கேட்டபோது அவர் சொன்னார்: "மாட்டுறது சுலபம்ணே. கழட்டுறதுதான் கஷ்டம். வண்டியோட பின்பக்கம் எது ஒடஞ்சாலும் கவலைப்படாதீங்க. இன்ஜின் பக்கத்து நட்டுங்க மட்டும் ஜாக்கிரதை. அதுல திருகு ஒடஞ்சா வண்டி நான் வர்ற வரைக்கும் நகராது."

மறுநாள் காலை பிச்சாண்டி அம்மாவிடம் வந்து நின்றார்.

"வண்டி விஷயமா?" என்றார் அம்மா.

"அதுவும்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என் தம்பி மேல இருக்கிற கோபம் போகமாட்டேங்குதும்மா. இங்க வந்து எதையெதையோ விட்டேன். இது மட்டும் அப்படியே கெடக்கு."

"தம்பி என்ன செஞ்சார்?"

"அப்பா செத்ததை எனக்கு மறுநாள்தான் சொன்னான். நான் மூத்தவன். கொள்ளி வைக்க வேண்டியவன். அவனே வச்சிட்டான். நான் போனப்ப சாம்பல்தான் இருந்தது."

பிச்சாண்டி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனை அடியோட அறுத்து விட்றலாமான்னு தோணுது. அவன் போன் பண்ணினா எடுக்கிறதில்ல. அப்படியும் போகல. கோபத்தை எப்படிம்மா கழட்டுறது?"

அம்மா எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"எனக்குச் சைலன்சரே கழட்டத் தெரியாது. வாங்க, முதல்ல அதைப் பாப்போம்."

காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஜாக்கியை நம்பாமல் நாலு பக்கமும் தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். கோணியை விரித்து இருவரும் மல்லாந்து உள்ளே நுழைந்தார்கள். கண்ணில் துரு விழாமல் இருக்க அம்மா தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிச்சாண்டி குப்பத்தில் ஒருவரிடம் பாதுகாப்புக் கண்ணாடி இரவல் வாங்கி வந்திருந்தார்.

குழாய் முழுக்கச் செம்மண் நிறத்தில் இருந்தது. அம்மா ஒரு விரலால் தட்டினார். செதிலாக உதிர்ந்தது.

"என்ன நிறம் பாத்தீங்களா," என்றார்.

பிச்சாண்டிக்கு நிறம் பார்க்கப் பொறுமையில்லை. குழாயைத் தாங்கும் பின்பக்கத்துப் பட்டையின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழு இழுத்தார். டப்பென்று சத்தம் கேட்டது. போல்ட்டின் தலை அவர் மார்பில் விழுந்தது.

அவர் அப்படியே கிடந்தார்.

அம்மா அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நடுவுல இன்னும் வெள்ளையா இருக்கே," என்றார். "நல்ல இரும்புதான்."

"ஒடச்சிட்டேன்மா."

"பின்பக்கம் ஒடஞ்சா கவலையில்லைன்னு மெக்கானிக் சொன்னாராமே."

இருவரும் முன்னால் நகர்ந்தார்கள். இன்ஜினிலிருந்து குழாய் இறங்குகிற இடத்தில் நட்டுகள் இருந்தன. துருவில் நட்டு எது, திருகு எது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மா கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு வெளியே வந்து இருவரும் கஞ்சி குடித்தார்கள். மறுபடி எண்ணெய் விட்டார். சின்னச் சுத்தியலால் நட்டைச் சுற்றி மெல்லத் தட்டினார்.

பிச்சாண்டி ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. இன்னும் அழுத்தக் கை பயந்தது. இது உடைந்தால் அஞ்சலைக்கு வண்டி இல்லை.

"நான் பாக்கட்டுமா?" என்று அம்மா வாங்கிக்கொண்டார்.

அவர் திருப்புவதைப் பார்த்துப் பிச்சாண்டி பதறிப்போனார். "அம்மா, இறுக்குறீங்க."

"ஆமா."

"நாம கழட்டணும்."

"கழட்டுற பக்கம் வரமாட்டேங்குது. இந்தப் பக்கமாவது போகுதான்னு பாக்குறேன்."

"இறுகிப் போயிடாதா?"

"தெரியல. கொஞ்சூண்டுதான்."

கிட் என்று ஒரு சத்தம் கேட்டது. நட்டின் ஓரத்திலிருந்து மஞ்சள் துரு பொடியாக உதிர்ந்தது.

"ஒடஞ்சுதா?" என்றார் பிச்சாண்டி.

"இல்ல. அசைஞ்சுது. ஒரு மயிரிழை அசைஞ்சுது."

அம்மா ஸ்பேனரை எதிர்ப்பக்கம் திருப்பினார். அந்த மயிரிழை அளவுக்குத் திரும்பி வந்தது. பிறகு கொஞ்சம் கூடுதலாக வந்தது. நின்றது. மறுபடி இறுக்கினார். எண்ணெய் விட்டார். மறுபடி கழற்றினார்.

"ஐயா," என்றார், கையை நிறுத்தாமல். "அன்னிக்கு உங்க தம்பிக்கு என்னவா இருந்துச்சாம்?"

"எப்ப?"

"அப்பா செத்த அன்னிக்கு."

பிச்சாண்டி காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அவனுக்கு என்ன? எனக்குச் சொல்லல. அவ்வளவுதான்."

"ஏன் சொல்லலையாம்?"

"கேட்டதில்ல."

"ஒரு தடவையும்?"

"எதுக்குக் கேக்கணும்? தப்பு அவனோடது."

"சரிதான்," என்றார் அம்மா. "இந்தாங்க, எனக்குக் கை வலிக்குது. நீங்க பிடிங்க."

மதியத்துக்குள் நட்டுகள் எல்லாம் உடையாமல் கழன்றன. குழாய் பின் அச்சுக்கு மேலே வளைந்து போயிருந்ததால் முழுசாக இழுக்க முடியவில்லை.

"அறுத்துடவா?" என்றார் பிச்சாண்டி.

"இது இனி நமக்கு வேண்டாம்தானே? அறுங்க."

ரம்பம் சுலபமாக இறங்கியது. சாயங்காலத்துக்குள், மெக்கானிக் போனில் சொல்லச் சொல்ல, புதியதை மாட்டிவிட்டார்கள். பிச்சாண்டி வண்டியைக் கிளப்பினார். அம்மா கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கையைக் காட்டிப் பார்த்தார். எங்கேயும் புகை கசியவில்லை.

அதற்கடுத்த நாள் மதியம் அஞ்சலைக்கு வலி எடுத்தது. பிச்சாண்டி எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அஞ்சலை கத்தினாளே தவிர மயங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

அவர் மறுநாள் காலையில்தான் ஆசிரமத்துக்குத் திரும்பினார். அம்மா கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்கம்மா."

"சந்தோஷம்."

பிச்சாண்டி போகாமல் நின்றார்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தப்ப தம்பிக்குப் போன் பண்ணினேன்."

அம்மா குடத்தைக் கீழே வைத்தார். "என்ன பேசினீங்க?"

"ஏன்டா எனக்குச் சொல்லலன்னு கேட்டேன். முதல்ல, இப்ப எதுக்கு அதுன்னான். அப்புறம் சொன்னான். 'படுக்கையில கெடந்த அப்பாவுக்கு எல்லாம் செஞ்சது நான். அவர் கடைசி வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். கொள்ளியாவது நான் வைக்கிறேனேன்னு தோணிடுச்சுண்ணே' அப்படின்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. போனை அவனும் வைக்கல, நானும் வைக்கல. காதுலயே பிடிச்சுக்கிட்டு இருந்தோம்."

காற்றில் உப்பு வாடை வீசியது. அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபம் போயிடுச்சா?"

"இல்லம்மா. பொய் சொல்லக்கூடாது. அவன் செஞ்சது தப்புதான்."

"அசைஞ்சுதா?"

பிச்சாண்டி யோசித்தார். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்பதால் அதிக நேரம் யோசித்தார்.

"கொஞ்சம் அசைஞ்சுது."

"அப்படியா," என்று அம்மா குடத்தை எடுத்துக்கொண்டார். "மறுபடி எப்ப பேசப்போறீங்க?"