ஒன்பதாம் நம்பரின் பிடி

"இன்னும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும் மேடம்?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

எப்சிபா நிமிர்ந்து பார்த்தார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசிக் காற்று இறங்கியிருந்த வாரம் அது. மலைச்சந்துக்குள் புகுந்த காற்று ஒரு நிமிஷம் தள்ளும், மறு நிமிஷம் ஓய்ந்துவிடும்.

தாணுலிங்கத்துக்கு ஐம்பத்தோரு வயது. இருபத்தாறு வருஷம் அனல் மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர். அங்கே கூடுதல் மின்சாரம் வேண்டுமென்றால் கூடுதல் நிலக்கரி போடச் சொல்வார். நீராவி அவர் சொன்னபடி கேட்கும்.

அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்த மாவட்டத்துக்கே காற்றாலை வேலைக்கு வந்தார். வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டார். இங்கே காற்று யார் சொன்னபடியும் கேட்பதில்லை.

கணவாயில் எந்தக் காற்றாலை முரண்டு பிடித்தாலும் எப்சிபாவைத்தான் தேடுவார்கள். எப்சிபாவுக்கு முப்பத்துநாலு வயது. தாணுலிங்கம் நேரே போய், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எப்சிபா சிரிக்கவில்லை. நாளைக்குக் காலையில் வாருங்கள் என்றார்.

தாணுலிங்கத்தின் கையில் கொடுக்கப்பட்டது ஒன்பதாம் நம்பர் காற்றாலை.

அந்தக் கம்பெனியின் இருபத்திரண்டு காற்றாலைகளும் ஒரே வகை, ஒரே உயரம். ஆனால் மிதமான காற்றில் ஒன்பது மட்டும் எப்போதும் பின்தங்கும். ராசியில்லாத மிஷின், இந்த வருஷத்தோடு கழற்றிவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். தாணுலிங்கம்தான் மன்றாடிப் பத்து நாள் அனுமதி வாங்கினார். ஆனிக் காற்று முழுசாகப் பிடித்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் தொடக் கூடாது.

ஆறு நாள் போய்விட்டது.

காற்றாலையில் ஜெனரேட்டர்தான் மின்சாரம் எடுக்கும் கை. இறக்கைகளைப் பின்னால் இழுப்பதும் அதே கைதான். எந்த வேகத்தில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கன்ட்ரோலர் கம்ப்யூட்டர் சொல்லும். தாணுலிங்கம் அந்த இழுப்பை இரண்டு தடவை கூட்டினார். இரண்டு தடவையும் மின்சாரம் குறைந்தது.

மூன்றாவது தடவையும் இப்படியானால் பழைய கணக்குக்கே திருப்பிவிடுவோம், நீங்கள் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காலையில்தான் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்.

அதனால்தான் தாணுலிங்கம் கேட்டார், இன்னும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று.

எப்சிபா எழுந்து கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே போனார். வாட்ச்மேனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்க அண்ணாச்சி. ஒன்பதாம் நம்பர் வரைக்கும் மிதிங்க."

ஏன் என்று கேட்க வாயெடுத்தவர் ஏறிக்கொண்டார். மண் பாதை. முதுகுப் பக்கமிருந்து காற்று. பத்து மிதி மிதித்ததும் காற்று வந்து தள்ளியது. சைக்கிள் வேகம் பிடித்தது.

சட்டென்று பின்னால் ஓர் இழுப்பு.

திரும்பிப் பார்த்தார். எப்சிபா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

மறுபடி மிதித்தார். மறுபடி காற்று வந்தது. சைக்கிள் எழும்பிய அதே நொடியில் மறுபடி இழுப்பு. காற்று கடந்து போய்விட்டது. வண்டி தள்ளாடியது.

மூன்றாவது தடவை கோபம் வந்துவிட்டது அவருக்கு. காலை ஊன்றி நின்றார்.

"வேகம் பிடிக்கிற நேரம் பார்த்து இழுத்தா நான் எப்படிப் போறது?"

எப்சிபாவுக்கு மூச்சு வாங்கியது. பேச முடியாமல் மேலே கையைக் காட்டினார்.

தாணுலிங்கம் அண்ணாந்து பார்த்தார்.

ஒரு பெருங்காற்று வந்தது. பாதையோரப் புல் முழுதும் படுத்தது. எட்டாம் நம்பர் சட்டென்று வேகமெடுத்தது. ஒன்பதின் இறக்கைகளும் துள்ளப் பார்த்தன. துள்ளவில்லை. உள்ளேயிருந்து ஒரு கனத்த உறுமல் மட்டும் கேட்டது. காற்று போய்விட்டது.

தாணுலிங்கம் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு கன்ட்ரோல் ரூமை நோக்கி நடந்தார். நடை பாதியிலேயே ஓட்டமானது.

ஒன்பதின் இழுப்பைப் பழைய அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்தார். இருபத்தாறு வருஷத்தில் கூடுதல் மின்சாரத்துக்காக எதையும் அவர் தளர்த்தியதில்லை.

திரையில் அறுநூற்று நாற்பது கிலோவாட் என்றிருந்தது அறுநூறானது. ஐந்நூற்று எண்பதானது.

ஷிஃப்டில் இருந்த பேச்சிமுத்து எட்டிப் பார்த்து, இறங்குதே சார் என்றான்.

தாணுலிங்கத்தின் கை மவுஸுக்குப் போனது. பின்னாலேயே வந்துவிட்டிருந்த எப்சிபா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். எடுக்கவில்லை.

ஐந்நூற்று எழுபது.

மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். ஸ்டோர் ரூமின் துருப்பிடித்த அலமாரிகள் தாணுலிங்கத்தின் கண் முன்னால் வந்து போயின.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காற்று.

இறக்கைகளின் வேகம் ஏறியது. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சுற்று. பதின்மூன்று. பதினாலு. அந்த வேகத்தின் பின்னாலேயே மின்சாரமும் ஏறியது. அறுநூறு. அறுநூற்று ஐம்பது. எழுநூற்று இருபது. திரையில் பக்கத்துக் கட்டத்தில் எட்டாம் நம்பர் எழுநூற்றுப் பத்தில் நின்றது.

"எட்டைத் தாண்டிட்டு சார்," என்றான் பேச்சிமுத்து. அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தான்.

எப்சிபா கையை எடுத்துக்கொண்டார்.

ஒரு காற்றை நம்பி எதையும் சொல்லிவிட முடியாது என்பது தாணுலிங்கத்துக்குத் தெரியும். மீதி நாலு நாளும் அரை மணி நேரம் தளர்த்திய இழுப்பு, அரை மணி நேரம் பழைய இழுப்பு என்று மாற்றி மாற்றி ஓட்டினார். காற்று எப்படி மாறினாலும் இரண்டுக்கும் சமமாகவே மாறும் அல்லவா? இன்னும் தளர்த்திப் பார்த்தார். ஓரளவுக்கு மேல் தளர்த்தினால் இறக்கைகள் வெறுமனே சுற்றின, மின்சாரம் குறைந்தது. கொஞ்சம் இறுக்கினார். மறுபடி கூடியது. சாப்பாட்டை மறந்தார். வீட்டிலிருந்து வந்த போனை எடுத்து, ஓடுது, ஓடுது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

பத்தாம் நாள் கணக்கு வந்தது. இழுப்பு பழையதில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு. அதில்தான் ஒன்பது மிகச் சிறப்பாக ஓடியது. முன்பு நூறு யூனிட் தந்த காற்றில் இப்போது நூற்றிரண்டு.

வெளியாள் கேட்டால், இரண்டுதானா என்பார்; வருஷம் முழுக்கச் சுற்றும் மிஷினுக்கு அது சின்னதில்லை. பேச்சிமுத்து மேஜையைத் தட்டினான். மேனேஜர் போனில் கணக்கை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, ஒன்பதைக் கழற்ற வேண்டாம் என்றார். மற்ற இருபத்தொன்றிலும் கை வைக்க இன்னும் ஒரு வாரம் தருவதாகவும் சொன்னார்.

தாணுலிங்கம் எப்சிபாவைத் தேடி ஓடினார். அவர் பாதையில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். எண்பத்தெட்டு. மீதி இருபத்தொண்ணுக்கும் இதையே போட்டுடுறேன். பத்து நிமிஷ வேலை."

எப்சிபா அவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரும்பி, மலையின் மடிப்புக்குள் ஒதுங்கி நின்ற பத்தாம் நம்பரைப் பார்த்தார். இங்கே காற்று வீசிக்கொண்டிருந்தது. அங்கே புல் அசையவில்லை. அது அசையத் தொடங்கியபோது இங்கே காற்று நின்றுபோயிருந்தது.

"அது ஒன்பது சொன்னது அண்ணாச்சி. பத்து என்ன சொல்லுது?"

தாணுலிங்கமும் அசையும் அந்தப் புல்லைப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பத்தாம் நம்பரை நோக்கி ஓடத் தொடங்கினார்.