நான்காம் படியின் பச்சை

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குத் தொழில் சொல்லித்தந்த செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரிடம் பாடம் கேட்பதில் தேவசகாயத்துக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் அவர் தலை நிமிரவில்லை.

அவர்கள் எழுதியது, நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கான மென்பொருள். ஒரே மூச்சில் எழுதிவிட முடியாது. படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியும் சரிதான் என்று சோதிக்கும் கருவிக்கு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை வராமல் அடுத்த படிக்கு விடாது, அவ்வளவு கறார்.

பதினோரு படியும் பச்சையாகி, பம்பு ஆஸ்பத்திரிக்குப் போனது. மூன்றாம் மாதம் மருந்து இரட்டிப்பாக ஏறி, ருக்குமணி என்ற நோயாளி இறந்துபோனார்.

"மேடம், கருவி பச்சைன்னுதானுங்களே சொல்லுச்சு? நாளைக்கு விசாரணையில அதையே சொல்லிடட்டுங்களா?"

"நாலாம் படியைத் திறங்க."

திறந்தார். இரண்டு நாள் சிவப்பிலேயே நின்று தேவசகாயத்தைப் பாடாய்ப்படுத்திய படி அது. அளவுப் பொத்தானை ஒரே நொடியில் இரண்டு தடவை அழுத்தினால் என்ன ஆகும் என்று கருவி விடாமல் கேட்டது. பதில் தெரியாமல் ஒரு வரியைச் சேர்த்தார்: 'இரண்டு தடவை அழுத்த மாட்டார்கள் என்று வைத்துக்கொள்.' உடனே பச்சை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர், பாவி மனுஷன், மறந்தேபோனார். மிச்சம் ஏழு படியும் அந்த வரியின் மேல்தான் ஏறி நின்றன.

"யாருங்க மேடம் ரெண்டு தடவை அழுத்துவாங்க?"

"பயந்தவங்க."

தேவசகாயம் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "என் தப்புத்தானுங்க. ஆனா கருவியும் ஏத்துக்கிச்சே. அதுவும் பொய்தானுங்களே சொல்லியிருக்கு?"

செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிய பக்கத்தில் ஒரு வரி அடித்தார்: 'ருக்குமணி இறக்கவில்லை என்று வைத்துக்கொள்.' அதன் கீழே இன்னொன்று: 'ருக்குமணி உயிரோடு இருக்கிறார். நிரூபி.'

கண் மூடித் திறப்பதற்குள் பச்சை வந்தது.



"பதினோரு படிக்கும் கையெழுத்துப் போட்டவ நான். நானும் பச்சையைத்தான் பார்த்தேன், வரியைப் படிக்கல" என்றார் செண்பகவல்லி. "எழுந்திருங்க சார். பச்சை வந்துருச்சு. அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரலாம்."