ஊறப்போடாத படகு

உப்பங்கழிக் கரையில் சிங்காரம் என்றொரு நரி இருந்தான். அவன் தன் வளையைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினான். நரிக்கு எதற்குப் படகு என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் பெண்டாட்டி பவளமும் அதைத்தான் கேட்டாள்.

கழிக்கு நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. அங்கே நண்டு கொட்டிக் கிடக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அது முழுகாது. அங்கே குடியேறிவிட்டால் பிள்ளைகள் இரண்டும் வயிறார நண்டு தின்று வளரும் என்று சிங்காரம் சொன்னான். அது நல்ல யோசனைதான். மனசுக்குள் இருந்த இன்னொரு காரணத்தை மட்டும் அவன் சொல்லவில்லை. கரையில் இருக்கும் எந்த மிருகத்திடமும் படகு கிடையாது. தன்னிடம் இருந்தால் எல்லோரும் வாயைப் பிளப்பார்களே!

படகை விற்றவன் ஆண்டியப்பன் என்ற கிழட்டு நீர்நாய். நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்குப் படகு என்று கேட்டால், பிடித்த மீனைத் தலையிலா சுமந்து வருவது என்பான். வயசாகி இடுப்பு பிடித்துக்கொண்டது. பாய் பிடிக்க முடியவில்லை. மேட்டில் காய்ந்த வளை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தான். சிங்காரம் கேட்டதும் மாற்றிக்கொண்டான்.

அன்றிலிருந்து பவளமும் பிள்ளைகளும் கரையோரக் கோரைப்புல்லில் படுத்தார்கள். அது பள்ளம். மழைக்காலம் வந்தால் முதலில் முழுகுகிற இடம். அதற்குள் படகு தயாராகித் திட்டுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் நாலு பேருக்கும் ஒதுங்க இடமில்லை.

படகு கோடை முழுக்கப் புன்னை மரத்தடியில் கிடந்து வறண்டிருந்தது. பலகைகள் சுருங்கி, இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. சிங்காரம் முதலில் அந்த இடுக்கையா பார்த்தான்? ம்ஹும்! செம்மண்ணைக் குழைத்துப் பக்கமெல்லாம் பூசினான். முகப்பில் இரண்டு கண் வரைந்தான். கண்ணுக்கு இமையும் வரைந்தான். கிழிந்த பாயைத் தூக்கணாங்குருவியிடம் கொடுத்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் தைக்கச் சொன்னான். குருவி தைத்துக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பிரித்துத் தைக்கச் சொன்னான். குருவி பல்லைக் கடிக்காததற்குக் காரணம், அதற்குப் பல் இல்லை.

எல்லா அலங்காரமும் முடிந்ததும் படகைத் தண்ணீரில் இறக்கினான். கழியில் இருந்த நாமக்கோழிகள் அத்தனையும் வேடிக்கை பார்க்க வந்தன. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புக் கோழிகள். நாள் முழுக்க நீந்திக்கொண்டே ஊர்வம்பு பேசுகிற கூட்டம்.

இறக்கின கையோடு எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீச்சியடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு விளிம்புவரை அமிழ்ந்து நின்றது. செம்மண் கரைந்து ஓடியது. இமையெல்லாம் போயே போய்விட்டது.

"சிங்காரண்ணே, வாங்கினது படகா, தொட்டியா?" என்றது ஒரு நாமக்கோழி.

மற்றவை விழுந்து விழுந்து சிரித்தன. சிங்காரத்தின் மானம் கப்பலேறிவிட்டது. ஏறுவதற்கு அந்தப் படகுதான் லாயக்கில்லை.

மேட்டில் வளை வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் குரல் கொடுத்தான்.

"அப்படியே விட்டுடு. எடுக்காதே. மரம் காய்ஞ்சு கிடக்கு, தண்ணி குடிக்கணும். ஊறினா பலகை உப்பி, இடுக்கு தானா மூடிக்கும். அப்புறம் இறைச்சு ஊத்திட்டு ஓட்டு."

இவ்வளவுதான் வேலை! படகை முழுகவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதற்கு ஒரு நரியால் முடியாதா? சிங்காரத்தால் முடியவில்லை. முழுகிய படகின் சொந்தக்காரனாக, அது ஊறி முடிகிறவரை கரையில் நிற்க வேண்டுமே! வருகிறவன் போகிறவனெல்லாம் தொட்டி தொட்டி என்பானே! அன்றைக்கே மூச்சுப் பிடித்து இழுத்துப் படகை மேலே போட்டான். வெயிலில் கவிழ்த்து, மறுபடியும் மொறுமொறுவென்று காயவைத்தான்.

பவளம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் படகை ஆயுசு முழுக்க ஓட்டினவர் சொல்கிறார், கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள். வளையைத்தான் வாங்கிக்கொண்டாரே, இனி நம்மை ஏமாற்றி அவருக்கு என்ன ஆகப்போகிறது என்றாள். சிங்காரம் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். கிழவன் தன்னை ஊர் சிரிக்கவைக்கப் பார்க்கிறானாம். அவனும் நாமக்கோழிகளும் கூட்டாம்! சந்தேகப்படத் தெரிந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்திருந்தால் அவன் இந்தக் கதைக்கே வந்திருக்க மாட்டான்.

பிறகு வேலையில் இறங்கினான். பஞ்சையும் தேங்காய் நாரையும் முறுக்கி, பலகை இடுக்கில் வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தான். ஒரு மயிரிழை இடம் விடவில்லை. மேலே குங்கிலியப் பிசினைக் காய்ச்சி ஊற்றினான். உப்பப்போகிற பலகைக்கு உப்ப இடம் வேண்டாமா? அதைப் பற்றி அவனுக்கென்ன! ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, நாமக்கோழிகள் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடி இறக்கியபோது படகு அன்னம் மாதிரி மிதந்தது. உள்ளே ஈரமே இல்லை. நாமக்கோழிகள் வாயை மூடிக்கொண்டன. சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. உடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திட்டுக்குப் போயிருக்கலாம். போனானா? படகை முளையில் கட்டிப்போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். கொக்கு வந்தது, காட்டினான். உடும்பு வந்தது, காட்டினான். ஆமைக்கு இரண்டு தடவை காட்டினான்.

அவன் பீற்றிக்கொண்டிருக்க, பலகைகள் வெளிப்பக்கத்திலிருந்து மெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. உப்ப இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கின. உள்ளே பலகைகளைத் தாங்கும் விலாக்கட்டைகள் கிறீச்கிறீச்சென்று முனகின. படகு என்னமோ சத்தம் போடுகிறதே என்று பவளம் கேட்டாள். நல்ல மரம் அப்படித்தான் பேசும் என்றான் சிங்காரம்.

மழை வந்தது. விடிவதற்குள் கோரைப்புல் பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர். இனி யோசிக்க நேரமில்லை. பவளம் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு படகில் ஏறினாள். சிங்காரம் பாயை விரித்தான். அந்த அவசரத்திலும், நாமக்கோழிகள் இருக்கும் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் போனான்.

பாதிக் கழி தாண்டியதும் நல்ல காற்று பிடித்தது. பாய் புடைத்தது. பாய்மரம் ஒரு பக்கம் இழுக்க, ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்த பலகைகளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பட்டென்று ஓர் ஆணி தெறித்தது. அடுத்து ஒரு விலாக்கட்டை முறிந்தது. அடிப்பலகை உள்ளே மடங்கிப் பிளந்துகொண்டது. தண்ணீர் பீச்சியடிக்கவில்லை, குபீரென்று ஏறியது.

பெரிய பிள்ளை பாய்மரத்தைக் கட்டிக்கொண்டது. சின்னது சிங்காரத்தின் காலடியிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. பவளம் பின்னாலேயே பாய்ந்தாள். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. துழாவித் துழாவி, கடைசியில் வாலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அதற்குள் ஆண்டியப்பன் இடுப்பு வலியோடு நீந்தி வந்துவிட்டான். முறிந்து மிதந்த பாய்மரத்தில் பவளத்தையும் பெரியதையும் தொற்றிக்கொள்ளச் சொல்லி, சின்னதை அதன்மேல் கிடத்தி, முதுகால் தள்ளிக் கரை சேர்த்தான். சின்னதைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினான். அது தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் பவளத்துக்கு உயிர் வந்தது.

சிங்காரம் எங்கே? அவன் முன்னாலேயே கரையேறிவிட்டான். உடம்பை உதறி, வாலை நீவி, நாமக்கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தான். மரம் ஊறட்டும் என்று தானேதான் முழுக்கினானாம்!

நாமக்கோழிகள் அவனையே பார்த்தன. அன்றைக்கு ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளை முழுகியதை அவை பார்த்திருந்தன.

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினான். மாற்றிக்கொண்ட வளை மாற்றிக்கொண்டதுதான், திருப்பித் தரமாட்டேன் என்றான். ஆனால் மழைக்காலம் முடியும்வரை பவளமும் பிள்ளைகளும் தன்னோடு தங்கலாம், நாலாவது ஆளுக்கு வளையில் இடமில்லை என்றும் சொன்னான்.

சிங்காரம் சிரித்துக்கொண்டே பவளத்திடம் வந்து, இந்தக் கிழவன் பேச்சைக் கேட்டாயா என்றான். அவள் பிள்ளைகளை நக்கித் துவட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பலகை பிளந்ததும் உங்க தலை எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு நான் பார்த்தேங்க. கரைப்பக்கம். யாரு பார்க்கிறாங்கன்னு. சின்னவன் உங்க காலுக்குக் கீழேதான் முழுகினான்."

சொல்லிவிட்டு அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேடேறிப் போனாள். சிங்காரம் மழையில் நின்றான். நாமக்கோழிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பித் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. அவனைப் பார்க்க அங்கே யாருமே இல்லை.

நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றே கரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, தன் பிள்ளை முழுகுவதுகூடக் கண்ணில் படாது.