மழையில் நிற்கும் கன்றுக்குட்டி

“‘டீச்சர், உங்க புத்தகம் என்னைத் திட்டுது.’ அப்படியே சொன்னாம்மா. ஒரு சொல்லைக்கூட நான் கூட்டலை. நாலு வயசு! இனிமே புத்தக அறைக்கே வரமாட்டாளாம்!”

பொரிந்து தள்ளிய வடிவாம்பாள் ஆசிரமத்துக்கு வருமுன் பள்ளித் தலைமையாசிரியை. இங்குள்ள சிறுபிள்ளைகளுக்குப் படப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலை இப்போது அவளுடையது. அவள் ‘அம்மா’ என்று அழைக்கும் குரு அவளைவிட வயதில் இளையவர். அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“எந்தப் பிள்ளை?”

“அல்லிதான். அவ அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறப்போ இங்கே விட்டுட்டுப் போனாளே, அவதான்.”

“எந்தப் புத்தகம்?”

வடிவாம்பாள் நீட்டினாள். வழவழப்பான அட்டை. பெயர் ‘சமர்த்துப் பிள்ளை’.

“வாசிங்க வடிவம்மா. இப்போ நான்தான் அல்லி.”

“நீங்களா?”

“ஏன், ரொம்ப வளர்ந்துட்டேனா?”

வடிவாம்பாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பறைக் குரலில் வாசித்தாள்.

“சமர்த்துப் பிள்ளை அழாது. சமர்த்துப் பிள்ளை அடம்பிடிக்காது. சமர்த்துப் பிள்ளை கேட்டதையே கேட்காது...”

குரு ஒரு கொத்துக் கீரையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“என்னம்மா?”

“பயமா இருக்கு டீச்சர்.”

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதைவிட முந்திக்கொண்டு வந்தது.

“கேலி பண்ணாதீங்க. காரணமில்லாமலா இதை வாங்கினேன்? முன்னாடி ஒரு எருமைக்கன்னு புத்தகம் இருந்தது. எழுத்தே கிடையாது, வெறும் படம். அதை மடியில வச்சுக்கிட்டு அழுதா.”

“எந்த இடத்துல?”

“கன்னுக்குட்டி மழையில தனியா நிக்கும். அந்தப் பக்கத்துல. சத்தமே இல்லாம கண்ணுல கொட்டுது. பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? வெடுக்குன்னு பிடுங்கி பீரோ மேல போட்டேன்.”

“அதுக்கு அடுத்த பக்கத்துல என்ன?”

“தாய் எருமை வரும். கன்னை நக்கிக் கொடுக்கும்.”

“அல்லி அதைப் பார்த்தாளா?”

வடிவாம்பாள் கையிலிருந்த ‘சமர்த்துப் பிள்ளை’யை மூடினாள். குரு ஈர்க்குகளை ஒதுக்கிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தார்.

“அப்போ கன்னுக்குட்டி இன்னும் மழையிலதான் நிக்குது.”

பீரோ மேலிருந்து எடுத்த புத்தகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வடிவாம்பாள் திரும்பி வந்தாள். அடுக்களைப் படிக்குக் கீழே அல்லி செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெரிய செருப்புக்குப் பக்கத்திலும் ஒரு சின்னச் செருப்பு. வேறு நாளாக இருந்தால் வடிவாம்பாள் ஜோடியைத் திருத்தியிருப்பாள். இன்று படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

அல்லி கிட்டே வரவில்லை.

“இது திட்டுமா?”

“திட்டாது. இதுக்குப் பேசவே தெரியாது.”

குழந்தை யோசித்தது. பிறகு வந்து, இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தது.

குளம் போனது. வயல் போனது. மழை வந்தது. கன்று தனியாக நின்றது. அல்லியின் கண் நிறைந்தது.

வடிவாம்பாளின் கை தானாகவே புத்தகத்தை மூடப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் அப்படியே இருந்தது. குழந்தை மூக்கை உறிஞ்சியது, விக்கியது, புறங்கையால் கன்னத்தைத் தேய்த்தது. வடிவாம்பாள் பக்கத்தைத் தொடவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு சின்ன விரல் வந்து பக்கத்தைப் புரட்டியது.

எருமை வந்திருந்தது. பக்கம் முழுக்க எருமை. கன்றின் முகத்தைவிடப் பெரிய நாக்கு.

அல்லி நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். நடுவிலிருந்த இடத்தைத் தாண்டி வந்தாள். டீச்சரின் மடியில் ஏறி, இரண்டு தரம் அசைந்து, தன் இடத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பக்கத்தைத் திரும்பப் பின்னுக்குப் புரட்டினாள்.

“டீச்சர், இன்னொரு தடவை மழை பெய்யட்டும்.”

வடிவாம்பாள் வாசலை நிமிர்ந்து பார்த்தாள். குரு கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“டீச்சர். மழை.”