ஏழு டிரைவும் ஒரு சங்கும்

இஞ்ஞாசிமுத்து பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றபின் கீபோர்டு கற்க வந்தவர். சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிட இருபத்தோரு வயது இளையவர். மாணவர் அவரை "டீச்சர்" என்பார். டீச்சர் அவரை "சார்" என்பார். யார் யாருக்கு மரியாதை தருகிறார்கள் என்பது ஆறு ஆண்டுகளாகத் தீராமலே இருந்தது.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் நண்பகலில் தம் கீபோர்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் டீச்சரின் வகுப்பு வாசலில் வந்து இறங்கினார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. கீபோர்டின் திரையில் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. நான்கு மணிக்கு மெக்கானிக் வந்து உள்ளே இருக்கும் போர்டை மாற்றுவதாகச் சொல்லியிருந்தான். மாற்றிவிட்டால் அது கடையிலிருந்து வந்த நாள் போல் வெறுமையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர்.

கோயில் பாடகர் குழுவுக்காக நான்கு ஆண்டு உட்கார்ந்து அவர் அமைத்த நூற்று நாற்பது ஒலிகள் அதற்குள் இருந்தன. அவற்றில் ஒன்று சங்கு. சாவு வீடுகளில் சங்கு ஊதும் சுடலையைக் கெஞ்சி, கோயிலின் சாமான் அறையில் நிறுத்திப் பதிவு செய்தது. ஈஸ்டர் பூசையின் உயிர்ப்புப் பாடல் அதில்தான் தொடங்கும்.

"நான் ஊதி இதுவரைக்கும் எவனும் எந்திரிச்சதில்ல சார்" என்று சுடலை அன்றைக்கே சொல்லிவைத்தார். இப்போது அவருக்கு இளைப்பு. சங்கைத் தூக்கினாலே இருமல் வருகிறது.

ஞானக் கதைகளில் குருவுக்குப் பசிப்பதில்லை. ஜெசிந்தா டீச்சருக்குப் பசித்தது. காலையிலிருந்து இரண்டு இசைக்குழுக்காரர்கள் வந்து, தங்கள் கீபோர்டில் அழிந்துபோனதை மீட்டுத் தரச் சொல்லி நின்றார்கள். கிடைக்காது என்பதை இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்திருந்தார். இஞ்ஞாசிமுத்துவைக் கண்டதும், திறக்கப்போன தூக்குச்சட்டியை மூடிவைத்தார்.

இஞ்ஞாசிமுத்து பையிலிருந்து, தம் ஒலிகளைப் பிரதி எடுத்துவைத்த ஏழு பென் டிரைவ்களை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் அச்சடித்தாற்போல் தேதி எழுதியிருந்தது.

"ஏழு போதுமா டீச்சர்?"

"ஏதாவது ஒண்ணைத் திரும்ப ஏத்திப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"ஏத்தினா உள்ள இருக்கிறது போயிருமே. டிரைவுல இருக்கிறது சரியில்லன்னா?"

"அப்ப டிரைவு மேல நம்பிக்கை இல்ல."

"நம்பிக்கை இருக்கு டீச்சர். சோதிச்சுப் பார்க்கத்தான் பயம்."

"பங்குச் சாமிகிட்ட இதைச் சொல்லிராதீங்க" என்ற டீச்சர், முதல் டிரைவை எடுத்துத் தம் கீபோர்டில் செருகினார். அதுவும் அதே வகைதான்.

இஞ்ஞாசிமுத்து பதறினார். "டீச்சர், அதுல உங்க ஒன்பது வருஷ வேலை இருக்கு. போயிரும்."

"ஆமா" என்று டீச்சர் பொத்தானை அழுத்தினார்.

மூன்றே நொடி. திரை முழுவதும் பெயர்கள் வந்து நின்றன. வருகை – குழல். காணிக்கை – வயலின். உயிர்ப்பு – சங்கு. இஞ்ஞாசிமுத்துவுக்கு மூச்சு வந்தது.

டீச்சர் குழலைத் தட்டினார். பியானோ ஒலித்தது. வயலினைத் தட்டினார். பியானோ. சங்கைத் தட்டினார். அதுவும் பியானோ, குறை சொல்ல முடியாத நல்ல பியானோ.

ஏழு டிரைவிலும் அதே கதை.

"சேமிக்கும்போது எந்தக் கட்டத்துல டிக் போட்டீங்க சார்?"

"முதல் கட்டத்துல. பேர்ப் பட்டியல்னு இருக்கும்."

"கடைசியில எல்லாம்னு ஒண்ணு இருக்குமே."

"அது பதினொரு நிமிஷம்னு காட்டுச்சு. இது உடனே முடிஞ்சுது."

டீச்சர் ஏழு டிரைவையும் அவர் பக்கம் தள்ளிவைத்தார். இஞ்ஞாசிமுத்து சொன்னார்: "முப்பத்தாறு வருஷம் வரைபடம் போட்டவன். பாலத்தை விட்டுட்டு, மூலையில இருக்கிற பேர்க் கட்டத்தை மட்டும் ஏழு பிரதி எடுத்திருக்கேன்."

"கையெழுத்து நல்லாருக்கு" என்றார் டீச்சர்.

இஞ்ஞாசிமுத்து தம் கீபோர்டில் ஒரு டிரைவைச் செருகி, கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார். கோடு விழுந்த திரையில் நிமிடங்கள் இறங்கத் தொடங்கின. அவர் நின்றுகொண்டே பார்த்தார்.

"உக்காருங்க. நின்னா வேகமாப் போகாது."

"சங்கு போயிட்டா சுடலை மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ஒன்பதாம் நிமிடம் திரை ஒருமுறை இருண்டது. இஞ்ஞாசிமுத்து உட்கார்ந்துவிட்டார். திரை மறுபடி ஒளிர்ந்தது. பதினொன்றும் முடிந்தது.

டீச்சர் அந்த டிரைவைத் தம் கீபோர்டில் ஏற்றிச் சங்கைத் தட்டினார். தெருவெல்லாம் கேட்கும்படி சுடலை ஊதினார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

"யாருமில்லக்கா. எல்லாரும் இருக்காங்க."

இஞ்ஞாசிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப உங்க கீபோர்டுல இருக்கிறதை அழிங்க" என்றார் டீச்சர்.

"நான் எதுக்கு? நாலு மணிக்கு மெக்கானிக் வந்தா தானே போயிரும்."

"அதுக்கு முன்னாடி நீங்க அழிங்க. அழிச்சிட்டு நீங்களே ஏத்துங்க."

அவர் தம் கீபோர்டின் முன்னால் போய் நின்றார். கை எழவில்லை.

"உங்களது போயிருச்சே டீச்சர். கொஞ்சம்கூட யோசிக்கலையே. நீங்க எத்தனை வச்சிருக்கீங்க?"

"ரெண்டு. ஒண்ணு இங்க. ஒண்ணு அக்கா வீட்டு பீரோவுல."

"ஏழு வச்சும் எனக்குத் தூக்கமில்ல. ரெண்டை வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க?"

"மாசாமாசம் முதல் வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிருவேன். அழிச்சிட்டுப் போய்ச் சாப்பிடுவேன். வந்துதான் திரும்ப ஏத்துவேன்."

இஞ்ஞாசிமுத்து அழிக்கும் பக்கத்தைத் திறந்தார். பிறகு பொத்தானைத் தொட்டார். உறுதிதானா என்று கீபோர்டு கேட்டது. விரல் அந்தரத்தில் நின்றது.

"டீச்சர், சாப்பிட்டுட்டு வந்து அழிச்சா என்ன?"

டீச்சர் தூக்குச்சட்டியைத் திறந்து இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தார்.

"அழிச்சிட்டு வாங்க சார். ரெண்டு பேருக்கும் சோறு இருக்கு."