தோகையில் எழுதிய பாடம்

ஒரு காட்டில் தோகையப்பன் என்று ஒரு மயில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளே, அது என்ன படித்தது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். எப்போது முடிக்கும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டவர்களோடு தோகையப்பன் பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் காட்டில் ஒரு கருவூலம் உண்டு. மழைக்காலத்தில் விலங்குகள் தங்கள் விதையையும் கிழங்கையும் அதில் போட்டு வைக்கும். கோடையில் வட்டியோடு எடுத்துக்கொள்ளும். இதைக் கட்டிக்காக்கும் கருவூலர் ஆக வேண்டும் என்றால் ஒரு தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வைப் பார்த்துவிட்டுப் புலியே, "எனக்கு வேட்டையே போதும்" என்று போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டி, வட்டிக்கு வட்டி, தேய்மானம், வரி, இடர், நெறிமுறை என்று கட்டுக் கட்டாக ஓலைகள். நெறிமுறையை மட்டும் எல்லாரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். பழைய கருவூலர் நரியாரும் அப்படித்தான் விட்டிருந்தார் என்பது, ஒரு கோடையில் கருவூலத்தைத் திறந்தபோது தெரிந்தது.

தேர்வை ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம். அதற்கு மேல் பெயரை அடித்துவிடுவார்கள். தோகையப்பன் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. முதல் ஆண்டு அது கால அட்டவணை போட்டது. நீலத்தில் கோடு, பச்சையில் கட்டம், ஓரத்தில் பொன் புள்ளி. அட்டவணை முடிந்த அன்று தேர்வும் முடிந்திருந்தது. இரண்டாம் ஆண்டு அட்டவணையே வேண்டாம் என்று, ஆவணியில் நேராகப் படிக்க உட்கார்ந்தது. பாழாய்ப்போன மழை அந்த மாதம் பார்த்து விடாமல் பெய்தது. மழை வந்தால் மயில் ஆட வேண்டாமா? குலப்பெருமை என்று ஒன்று இருக்கிறதே!

இத்தனை ஆண்டும் புழு கிளறியது, பாம்பை விரட்டியது, குஞ்சுகளை மேய்த்தது எல்லாம் அதன் பெண்டாட்டி மயிலாத்தாள்தான். படிக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சித்திரை பிறந்ததும் மயிலாத்தாள் கேட்டது: "ஏனுங்க, இந்தத் தடவையாச்சும் தேறிருவீங்களா? கிளறிக் கிளறி என் கால் நகமெல்லாம் தேஞ்சு போச்சு. இதையும் விட்டீங்கன்னா நானும் ஒரு முடிவு எடுத்துக்குவேன், ஆமா."

"இந்தத் தடவை போட்டிருக்கற திட்டம் அப்படி, மயிலாத்தா. இங்க பாரு" என்று தோகையப்பன் தோகையை விரித்தது. "எத்தனை கண்ணு! பாடத்துக்கு ஒரு கண்ணு. படிக்கப் படிக்கச் சுருக்கி, நாவப்பழச் சாத்துல இதுலயே எழுதிக்குவேன். ஆடி முடியறதுக்குள்ள எல்லாப் பாடமும் முடிஞ்சிரும். புரட்டாசி முழுக்கத் திருப்புதல். ஐப்பசியில தேர்வு. எப்படி?"

"புரட்டாசியிலயா? ஏனுங்க, புரட்டாசியில வந்து..."

"குறுக்க பேசாதே. வேகம் கெட்டுரும்."

மயிலாத்தாள் வாயை மூடிக்கொண்டது. அது அந்த வீட்டில் நன்றாகப் பழகிய வேலை.

தோகையப்பன் படிக்கத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அசுர வேகம். காலையில் ஓர் ஓலை, மாலையில் ஓர் ஓலை. படித்து முடித்த கையோடு கழுத்தை வளைத்து, அலகை நாவல்பழத்தில் தொட்டு, ஓர் இறகில் எழுதிவிடும். எழுதியதை மறுபடி பார்க்காது. அதற்குத்தான் புரட்டாசி இருக்கிறதே.

மாலையானால் குளக்கரையில் தோகையை விரித்து நிற்கும். மானும் முயலும் கூட்டமாக வந்து, "அடேயப்பா! படிப்பாளின்னா இவர்தான் படிப்பாளி!" என்று வாயைப் பிளக்கும். பாராட்டு கேட்டுக் கேட்டு, தான் பாதித் தேர்வு எழுதிவிட்டதாகவே மயிலுக்குத் தோன்றியது. இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விரித்த தோகை எதிரே நிற்பவருக்குத் தெரியும். விரித்தவருக்குத் தெரியாது.

அதே குளத்தில் கொம்பாயி என்ற எருமையும் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டிக்காரி. காலையில் கொஞ்சம் படிக்கும். பிறகு கழுத்தளவு தண்ணீரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, படித்ததைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும். தோகையப்பனுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"என்னம்மிணி கொம்பாயி, பாடம் எதுவரைக்கும் வந்திருக்குது?"

"வட்டிக்கு வட்டியிலதானுங்ணா நிக்கறேன்."

"போன வாரமும் அங்கதானே நின்னே?"

"ஆமாங்ணா. நேத்துப் படிச்சது நெனவு இருக்குதான்னு ஒருக்காப் பாத்துட்டுத்தான் அடுத்த ஓலையத் தொடறேன். பாதி மறந்து போயிருதுங்ணா. மறுக்காப் படிக்க வேண்டியிருக்குது."

"பாவம்! எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. இதுவரைக்கும் நான் ஒண்ணையும் மறந்ததில்லை."

"அது எப்படிங்ணா தெரியும்?"

தோகையப்பனுக்குச் சுருக்கென்றது. "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டது. உண்மைதான் குழந்தைகளே. சொல்லிப் பார்க்காதவர்களுக்கு மறதி என்ற நோய் வருவதே இல்லை.

சொன்னபடி ஆடிக்குள் எல்லாப் பாடமும் முடிந்தது. "இனி இந்தக் குப்பை எதுக்கு?" என்று ஓலைக் கட்டுகளை எல்லாம், பயிற்சி நிலையம் நடத்தும் கிளிக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது. ஆவணி முழுவதும், களைத்துப்போன மூளைக்கு ஓய்வு. அதாவது, ஆட்டம்.

புரட்டாசி பிறந்தது. தோகையப்பன் குளித்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, திருப்புதலைத் தொடங்கக் கழுத்தை வளைத்தது. முதல் பாடம் தேய்மானம். எல்லா இறகிலும் நீளமான இறகில் எழுதிய பாடம். அந்த இறகைக் காணோம். தேடினால், தரையில் கிடந்தது. அதில் அழகான எழுத்தில் இப்படி இருந்தது: "சொத்து ஆண்டுதோறும் தேயும். அதை முன்கூட்டியே எதிர்பார்த்து ஒதுக்கீடு செய்துகொள்வதே அறிவு."

இதைப் படித்துப் பார்க்க மயிலுக்கு நேரம் இல்லை. அதற்குள் வரி விழுந்தது. வரிக்குப் பின்னால் இடர் விழுந்தது.

"மயிலாத்தா! ஓடி வா! என் தோகை கொட்டுது!"

"புரட்டாசின்னாக் கொட்டத்தானுங்க செய்யும். வருசா வருசம் கொட்டறதுதானே?"

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் வந்தேன். வேகம் கெட்டுரும்னீங்க."

தோகையப்பன் பொறுக்க ஓடியது. அலகில் ஒன்றைக் கவ்வினால் இரண்டு பறந்தன. பொறுக்கிய கொஞ்சத்தையும் அன்று பெய்த மழை நனைத்து, படிப்பெல்லாம் நாவல்பழச் சாறாக ஒழுகிப்போனது. நனையாமல் புதரில் தங்கியவற்றைக் குரங்குகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன.

வேறு வழி? மயில் கிளியின் வாசலில் போய் நின்றது.

"கவலையே வேண்டாம், கவலையே வேண்டாம்!" என்றது கிளி. "நம்ம நிலையத்துல ஒரே வாரத்துல முழுப் பாடமும் முடிச்சிரலாம். நிச்சயத் தேர்ச்சி, நிச்சயத் தேர்ச்சி! கூடை நிறையக் கொய்யாப்பழம் மட்டும் கொண்டாங்க."

மயிலாத்தாள் குஞ்சுகளுக்காக ஒளித்து வைத்திருந்த கொய்யாக் கூடை போனது. கிளி பாடம் நடத்தியது, தோகையப்பன் இனாமாகக் கொடுத்த அதே ஓலைகளை வைத்து. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லியது. மயில் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது. வாரம் முடிந்தபோது தலையாட்டும் கலை அதற்கு நன்றாகக் கைவந்திருந்தது.

ஐப்பசியில் மருத மரத்தடியில் தேர்வு நடந்தது. மேற்பார்வைக்குக் கரடியார் வந்திருந்தார். உடம்பெல்லாம் மயிர் என்பதால் அவருக்கு எப்போதும் புழுக்கம். பக்கத்தில் ஒரு குரங்கு நின்று பெரிய விசிறியால் வீசிக்கொண்டே இருந்தது. மயிலிறகு விசிறி.

தோகையப்பன் கேள்வியைப் படித்தது. வட்டிக்கு வட்டி. எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. எங்கே என்று அண்ணாந்து யோசித்தபோதுதான் அதன் கண்ணில் விசிறி பட்டது. தன் இறகு! தன் கையெழுத்து!

விசிறி இந்தப் பக்கம் போனால் "வட்டி" என்று தெரிந்தது. அந்தப் பக்கம் போனால் "இடர்" என்று தெரிந்தது. நடுவில் எல்லாம் ஒரே நீலம். மயிலின் தலை விசிறியோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் ஆடியது. பக்கத்தில் கொம்பாயி கண்ணை மூடி, தாடையைக் கொஞ்சம் அசைத்து, கண்ணைத் திறந்து எழுதிக்கொண்டே போனது.

"ஏப்பா மயிலு, என் விசிறியில உனக்கு என்ன பார்வை?" என்று கரடியார் உறுமினார்.

"ஐயா, அது என் தோகைங்க."

"அப்படியா! அருமையான தோகை. காத்து பிச்சுக்கிட்டு வருது. ஆனா என்னமோ கிறுக்கி வெச்சிருக்கியே, அது என்ன?"

"என் படிப்புங்கய்யா" என்றது மயில். அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு நிமிசம் விசிறாம நிறுத்தச் சொல்லுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இந்தப் புழுக்கத்துலயா? நல்லாச் சொன்னே போ!"

ஆனால் குரங்குக்குக் கை வலித்தது. கையை மாற்றுவதற்காக விசிறியைச் சற்றே நிறுத்தியது. வட்டிக்கு வட்டி எழுதிய இறகு மயிலுக்கு நேர் எதிரே அசையாமல் நின்றது. தோகையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தான் எழுதியதைத் திருப்பிப் படித்தது.

"இது மிக முக்கியம். புரட்டாசியில் நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்."

விசிறி மறுபடியும் ஆடத் தொடங்கியது.

முடிவு வந்தது. கொம்பாயி கருவூலர் ஆனது. தோகையப்பனின் பெயரை அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மயில், பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "போனாப் போகுது விடு, மயிலாத்தா. தையில தோகை மறுபடியும் முளைச்சிரும்."

"தோகை முளைக்குமுங்க. தேர்வு முளைக்குமா?" என்றது மயிலாத்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் முன்னால் தள்ளிவிட்டது. "கருவூலத்துல வேலைக்கு ஆள் வேணும்னு கொம்பாயி கேட்டுது. நாளையிலிருந்து நான் போறேன். இதுகளுக்குப் புழு கிளறறது இனிமே உங்க பொறுப்பு. உங்க நகம் தேயாம அப்படியே புதுசாத்தானே இருக்குது!"

மறுநாள் விடிந்ததும் தோகையப்பன் மண்ணைக் கிளறப் போனது. தோகை இல்லாததால், அந்த வேலைக்கு இடைஞ்சல் ஒன்றும் இருக்கவில்லை.

நீதி: படித்ததை அன்றன்றே திருப்பிப் பார், திருப்புதலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைத்தவனுக்குக் கடைசியில் காற்றுதான் மிஞ்சும்.