சனி தாண்டாத கோடு

அந்தக் காலத்தில் கோள்களுக்கு வாயும் கையும் இருந்தன. தட்டான்பூச்சி தோணி அளவு இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி வெள்ளி, செவ்வாய் என்று சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். சனிப் பக்கம் மட்டும் ஒரு பயலும் போகமாட்டான். அப்போது சனி வளையம் கிளையம் எதுவும் இல்லாமல் மொட்டையாக, நினைத்த இடத்துக்கெல்லாம் உருண்டு திரிந்தது. ஓடிப்பிடித்து விளையாடுவது என்றால் அதற்கு உயிர். பிடிபட்ட நிலாக்களைக் கொழுக்கட்டை மாதிரி வாயில் போட்டுக்கொள்ளும். ஆனால் ஒன்று, ஆட்டத்தில் அது ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அந்தப் பெருமை அதற்கு ரொம்பவே உண்டு.

ஒருநாள் காலையில் செம்பாயியை அவள் அம்மா வாசலில் கோலம் போடச் சொன்னாள். அவளோ மாவுக் கொட்டாங்கச்சியை மடியில் செருகிக்கொண்டு, தம்பி முத்தையனையும் இழுத்துக்கொண்டு தட்டான் மேல் ஏறிவிட்டாள். செவ்வாய்க்குப் போனார்கள். அங்கே பறந்த சிவப்புத் தூசியில் தட்டானுக்குத் தும்மல் பிடித்தது. தும்மிய தும்மலில் வழி தவறி, மூவரும் சனியின் மூக்குக்கு நேரே போய் நின்றார்கள். நல்லவேளை, அது தூங்கிக்கொண்டிருந்தது.

செம்பாயி மெல்லக் குனிந்தாள். மூச்சுக் காட்டாதே என்று தம்பியின் காதில் சொன்னாள். அவன் என்ன செய்வான், பாவம்! பயந்தால் அவனுக்கு விக்கல் வரும். விக்கினான். சனி கண்ணைத் திறந்தது. கையை நீட்டி அவனைப் பிடித்து, விரல்களை மூடிக்கொண்டது.

தப்பித்துப் போய்விடலாம் என்றது தட்டான். செம்பாயி மாட்டேன் என்று தலையாட்டினாள். தம்பி இல்லாமல் எந்த முகத்தோடு அம்மா முன்னால் போய் நிற்பது? கை தானாக மடிக்குப் போனது. கொட்டாங்கச்சி தட்டுப்பட்டதும்தான் யோசனை வந்தது.

"ஓடிப்பிடிக்கிறது எல்லாரும் ஆடுறதுதான். கோட்டு ஆட்டம் தெரியுமா உனக்கு?" என்று சனியிடம் கேட்டாள்.

தனக்குத் தெரியாத ஆட்டமா என்று சனிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் விதியைச் சொன்னாள். உன்னைச் சுற்றி நான் கோடு போடுவேன், கோட்டின் இரண்டு முனையும் கூடிவிட்டால் நீ அதைத் தாண்டக் கூடாது, அதற்குள் என்னைப் பிடித்தால் எங்கள் இருவரையும் தின்றுகொள் என்றாள். சனி சம்மதித்தது.

தட்டான் பறந்தது. செம்பாயி விரலிடுக்கில் மாவை விட்டுக்கொண்டே போனாள். சனியின் மற்றொரு கை பின்னால் துரத்தியது, ஒரு தடவை அவள் பின்னல் நுனியைத் தொட்டே விட்டது. சுற்று முடியப் போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோடு கூடினால் தம்பியும் அல்லவா உள்ளே மாட்டிக்கொள்வான்? கொட்டாங்கச்சியிலோ ஒரு பிடி மாவுதான் மிச்சம்.

கடைசி முழத்தைப் போடாமல் நிறுத்தினாள். "முத்தையா, விக்கலை அடக்காதேடா. நல்லா விக்கு!" என்று கத்தினாள்.

அவன் விக்கிய விக்கலில் சனியின் உள்ளங்கை கூசி, விரல் இளகியது. பையன் பிதுங்கி வெளியே வந்து, கோட்டின் இடைவெளி வழியாக அக்கா மடியில் விழுந்தான். அந்த ஒரு பிடி மாவையும் அங்கே கொட்டி அவள் கோட்டின் முனைகளைச் சேர்த்துவிட்டாள்.

துரத்தி வந்த கை கோட்டின் விளிம்பில் அப்படியே நின்றது. இது அழுகுணி ஆட்டம் என்று சனி முனகியது. ஆனால் தாண்டவில்லை. பிறகு, "சரி, ஆட்டம் எப்ப முடியும்?" என்று மெதுவாகக் கேட்டது.

"முடிஞ்சுதுன்னு நான் சொல்றப்ப," என்றாள் செம்பாயி.

தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கோலம் போடாததற்கு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் முடிந்தது என்று மட்டும் சாகும்வரை அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

அன்று முதல்தான் சனியைச் சுற்றி அந்த வளையம் இருக்கிறது. சனி இன்னமும் உள்ளேயே உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதனால் பிள்ளைகளே, விளையாடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது ஆட்டம் முடிந்தது என்று வானத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.